லாஞ்ஜவேன் ஆற்றுச் சுவர்: உயர்நுணுக்க அகலப்படத்தில் எரிமலைக்குழம்பை வாசித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தெற்குக் கரையில் உள்ள சென்-ஜோசப் நகரின் ஒரு பகுதி, எரிமலைக்குழம்பு ஆறி இறுகிய பாறையின் மேல் நிற்கிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மேட்டு நிலத்திலுள்ள கொமெர்சோன் எரிவாயிலிருந்து பெருகிய குழம்பு ராம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு கடல் வரை ஓடியது. ஆறு தன் தடத்தைப் பறிகொடுத்தது. பிறகு அந்தப் புதுப் பாறையை அறுத்து, இழந்ததைச் சிறிது சிறிதாக மீட்டது. இன்னும் மீட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தத் தீவில் இப்படி நடப்பது புதிதல்ல. 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் உலகில் மிக அடிக்கடி சீறும் எரிமலைகளில் ஒன்று. ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகளாக அது வளர்ந்துவருகிறது. அதன் மேல் பெய்யும் மழையும் சாதாரணமானதல்ல. 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது கொமெர்சோன் எரிவாயில் மூன்று நாள்களில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவானது; மூன்று நாள் மழையில் அது உலகச் சாதனை. எரிமலை மலையைக் கட்டுகிறது, மழை அதை வெட்டுகிறது. வெட்டிய பள்ளத்தில் மீண்டும் குழம்பு இறங்குகிறது. ராம்பார், லாஞ்ஜவேன், கிழக்கே லெஸ்த் ஆறு ஆகிய மூன்றின் பள்ளத்தாக்குகளிலும் இந்தக் கணக்கு சுவர்களில் எழுதிக் கிடக்கிறது.

அதை வாசிப்பதில்தான் சிக்கல். சுவரின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் கறுப்புப் பாறை, பாசி, ஒழுகும் நீர். எது பழைய மலை, எது பின்னால் வந்து நிரப்பிய குழம்பு என்று பிரித்தறிய முடியாது. எதிர்க்கரையில் தள்ளி நின்றால் பெரிய வடிவங்கள் தெரிகின்றன. ஆனால் பாறையின் இழை தெரியாது. தூரமும் அண்மையும் ஒரே நேரத்தில் வேண்டும். உயர்நுணுக்க அகலப்படம் அதற்காகத்தான். நீள லென்ஸில் சுவரைத் துண்டு துண்டாக எடுத்து, கணினியில் ஒரே படமாக ஒட்டினால், முழுச் சுவரையும் ஒரு பார்வையில் காணலாம். வேண்டிய இடத்தில் உள்ளே போய் ஒற்றைக் கல்லையும் காணலாம்.

எங்கள் வேலை லாஞ்ஜவேன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு சுவரைப் பற்றியது. சுவர் சுமார் 200 மீட்டர் நீளம், 70 மீட்டர் உயரம். நான் சென்-பியரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியலும் நிலவியலும் கற்பிக்கிறேன், பிறந்தது புதுச்சேரியில். என் அக்காவின் கணவர் காரைக்கால்காரர், இங்கே நில அளவைத் தொழில் செய்கிறார். படம் என் பொறுப்பு, அளவு அவர் பொறுப்பு. கோயில் சங்கத்தின் தமிழ் வகுப்பில் படிக்கும் பெரிய பிள்ளைகள் சிலர், முடிந்த படத்தில் எல்லைக்கோடுகளைக் குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். லாஞ்ஜவேன் ஆறு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் போய், ஆற்றோரத்தில் விறகடுப்பு மூட்டிப் பெரிய பாத்திரத்தில் குழம்பும் சோறும் சமைத்து உண்ணும் இடம் அது. ஆனால் தலைக்கு மேலிருக்கும் சுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

கேள்வி என்ன?

பள்ளத்தாக்கினுள் வந்து தங்கிய எரிமலைக்குழம்பிடம் நிலவியலாளர்கள் பொதுவாக மூன்று கேள்விகளைக் கேட்பார்கள். குழம்பு வந்தபோது பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமாக இருந்தது? குழம்பு ஆற்றை அணைபோல் அடைத்ததா? அடைத்திருந்தால் பின்னால் ஏரி தேங்கியதா, எவ்வளவு காலம் நின்றது?

இதில் முன்னோடியான இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள ஓவைஹீ ஆற்றுப் பள்ளத்தாக்கு. கடந்த இருபது லட்சம் ஆண்டுகளில் அங்கே குழம்பு பலமுறை பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறது. வெஸ்ட் கிரேட்டர் என்ற எரிவாயிலிருந்து சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் வந்த குழம்பு ஆற்றை அடைத்து நின்றது. அடைத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தேங்கிய நீருக்குள் குழம்பு நுழையும்போது அதன் தோல் உடனே குளிர்ந்து, உருண்டையான தலையணை வடிவக் கட்டிகளாகப் பிதுங்குகிறது. நொறுங்கிய கண்ணாடித் துகள் நீரோடு வேதிவினை புரிந்து மஞ்சள் பழுப்பாக மாறுகிறது. நீர்மட்டத்துக்கு மேலே வந்த குழம்போ வழக்கமான கெட்டிப் பாறையாக ஆறுகிறது. ஆகவே சுவரில் தலையணைக் கட்டிகள் முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் கோடு எதுவோ, அதுவே அந்நாள் ஏரியின் நீர்மட்டம். அந்தக் கோட்டைப் பல நூறு மீட்டர் தூரத்துக்குத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். அங்கங்கே பாறைக்கு அருகில் போய்ச் சரிபார்க்கவும் வேண்டும். அத்தகைய சுவர்களுக்கு அகலப்படம் எவ்வளவு உதவும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்த வகைப் படங்களைப் பரவலாக்கிய கருவி ஜிகாபேன். செவ்வாய்க் கோளில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள் எடுத்த அகலப்படங்களின் அனுபவத்திலிருந்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது அது. முக்காலியின் மேல் பொருத்தினால் கேமராவைத் தானே சிறிது சிறிதாகத் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டே போகும். செவ்வாயின் பாறையைப் பார்க்கப் பிறந்த உத்தி பூமியின் பாறைக்கும் பொருந்துவதில் வியப்பில்லை: இரண்டு இடத்திலும் ஆள் போய்த் தொட முடியாத சுவர்கள் இருக்கின்றன.

எடுக்கும் முன் போடும் கணக்கு

அழகுக்காக எடுக்கும் அகலப்படத்துக்கும் அளப்பதற்காக எடுக்கும் அகலப்படத்துக்கும் உள்ள வேறுபாடு கேமராவைத் தொடும் முன்பே தொடங்கிவிடுகிறது. எவ்வளவு சிறிய பொருள் தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எங்கள் சுவரில் முக்கியமானவை பாறைத் தூண்களின் அகலமும், குழம்பு அடுக்குகளுக்கு இடையே வெந்து சிவந்த மண்ணின் தடிமனும். 15 சென்டிமீட்டர் பொருள் ஐயமின்றித் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு ஒரு பிக்சல் சுவரில் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கணக்கு எளியது. கேமரா உணரியில் ஒரு பிக்சலின் அகலத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் சுவரில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது கிடைக்கும். எங்கள் கேமராவில் பிக்சல் அகலம் ஏறத்தாழ 0.004 மில்லிமீட்டர். சுவர் 350 மீட்டர் தூரம். 300 மில்லிமீட்டர் லென்ஸ். விடை 4.7 மில்லிமீட்டர். ஒரு படச்சட்டம் 6,000 பிக்சல் அகலமும் 4,000 பிக்சல் உயரமும் கொண்டது. ஆகவே அது சுவரில் 28 மீட்டருக்கு 19 மீட்டர் பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் 30 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளுக்கு ஒட்டுவதற்குப் பிடி கிடைக்காது. அப்படிப் பார்த்தால் 10 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 5 படம், மொத்தம் 50. ஒட்டி முடித்தால் சுமார் 64 கோடி பிக்சல்.

ஜிகாபிக்சல் (நூறு கோடி பிக்சல்) என்று பெயர் சொல்ல வேண்டும் என்பதற்காக இன்னும் நீளமான லென்ஸைப் போட்டு நூற்றுக்கணக்கில் எடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. தேவைக்கு மேல் நுணுக்கம் கூடினால் எடுக்கும் நேரமும் கூடும். அதற்குள் நிழல் நகர்ந்துவிடும், மேகம் ஏறிவிடும். 64 கோடியில் கேள்விக்கு விடை கிடைத்தால் 64 கோடியே போதும்.

ஒளியும் நேரமும்

ஆடி மாதம் இங்கே குளிர்காலம். மழை குறைந்த பருவம். ஆனாலும் மலைப்பக்கத்தில் காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கடலிலிருந்து மேகம் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே விடிந்தவுடன் தயாராக இருக்க வேண்டும். பக்கவாட்டு வெயிலில் தூண்களின் விளிம்பு எடுப்பாகத் தெரிகிறது. அதே வெயில் பள்ளங்களை முழுக் கறுப்பாக்கிவிடுகிறது. சிவந்த மண்ணின் நிறம் நிழலில் மறைகிறது. மெல்லிய மேகம் மூடிய ஒளியில் நிறம் சரியாக வருகிறது, ஆனால் வடிவம் தட்டையாகிறது. ஆகவே இரண்டு ஒளியிலும் எடுத்தோம். வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பது மிகவும் பயன்பட்டது; யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் இதை விட்டுவிட வேண்டாம் என்பேன்.

ஒளியளவு, குவியம், வெண்சமநிலை மூன்றையும் கைமுறையில் நிறுத்திவிட வேண்டும். கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்புப் பாறையை ஒரு படத்தில் வெளிறவும் அடுத்ததில் இருளவும் காட்டும். ஒட்டிய பின் அந்த ஒட்டு வரியைப் பாறையின் எல்லை என்று யாராவது நம்பிவிடக்கூடும். எடுக்கும் வரிசையும் முக்கியம். கிடைவரிசையாக 10 படம் போய், பிறகு திரும்பி வந்தால், மேலும் கீழும் அடுத்தடுத்து இருக்கும் படங்களுக்கு இடையே பல நிமிட இடைவெளி விழும். நெடுவரிசையாக மேலிருந்து கீழே எடுத்து அடுத்த நெடுவரிசைக்கு நகர்ந்தால் அக்கம்பக்கத்துப் படங்கள் ஏறக்குறைய ஒரே ஒளியில் அமையும். ஒட்டுவதற்கு ஹியூஜின் என்ற இலவச மென்பொருள் போதுமானதாக இருந்தது.

அளவையாளர் இல்லாமல் படம் வெறும் படம்தான்

ஒரே இடத்தில் நின்று எடுத்த அகலப்படம் கோணத்தை மட்டுமே பதிவு செய்கிறது. தூரம் அதில் இல்லை. சுவரின் ஒரு பகுதி முன்னால் துருத்திக்கொண்டும் இன்னொரு பகுதி 40 மீட்டர் பின்வாங்கியும் இருந்தால் இரண்டிலும் பிக்சலின் அளவு வேறு. இதைக் கவனிக்காமல் தூணின் அகலத்தை அளந்து எழுதினால் எண் தவறாகத்தான் வரும்.

அத்தான் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற தன் நில அளவைக் கருவியைக் கொண்டுவந்து, சுவரில் படத்தில் எளிதாக அடையாளம் காணக்கூடிய புள்ளிகளுக்கு லேசர் கதிரை அனுப்பித் தூரமும் கோணமும் எடுத்தார். பிரதிபலிப்பான் வைக்காமல் பாறையின் மேலேயே கதிரைப் பட்டுத் திரும்பச் செய்யும் முறை அது. பல இடங்களில் கருவி விடை சொல்லவில்லை.

“இல்லம்மா, நனைந்த கறுப்புக் கல் ஒளியை விழுங்கிவிடுகிறது. காய்ந்த இடமாகப் பார்த்துச் சொல். அந்த வெளிறிய பூஞ்சணம் படிந்த முகம் இருக்கிறதே, அதுபோல.”

“அத்தான், எனக்கு வேண்டியது சிவப்புப் பட்டைக்கு மேலே உள்ள புள்ளி. அங்கேதான் நீர் ஒழுகுகிறது.”

“அப்படியானால் அதற்கு இரண்டு பக்கமும் காய்ந்த புள்ளி எடுத்துத் தருகிறேன். நடுவில் உள்ளதை நீ படத்திலிருந்து கணக்கிட்டுக்கொள்.”

வேலை அப்படித்தான் நடந்தது. நேரடியாக அளக்க முடியாத ஈரப் பகுதிகளைச் சுற்றிக் காய்ந்த புள்ளிகளை வேலி போல அளந்து வைத்துக்கொண்டோம். அந்தப் புள்ளிகளைக் கொண்டு படத்தை நேராக்கிய பின்னரே எந்த அளவையும் குறித்துக்கொண்டோம்.

நேராக்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன் கேட்ட கேள்வியே காட்டியது. முதலில் ஒட்டிய படத்தில் ஒரு குழம்பு அடுக்கு நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் வளைந்து இறங்குவதைக் காட்டி, “இந்தக் குழம்பு ஒரு மேட்டின் மேல் ஓடியதா டீச்சர்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அகலமான காட்சியை உருளைப் பரப்பில் விரித்துக் காட்டும்போது, கண்மட்டத்துக்கு மேலோ கீழோ இருக்கும் நேரான கிடைக்கோடு வளைந்துதான் தோன்றும். பாறையில் வளைவு இல்லை. விரித்த முறையில் இருந்தது. அளந்த புள்ளிகளின்படி திருத்திய படத்தில் அதே அடுக்கு ஏறக்குறைய நேராக, கடலை நோக்கிச் சற்றுச் சாய்ந்து கிடந்தது.

சுவர் சொன்னது

திருத்திய படத்தை முழுவதுமாகப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது சுவரின் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு. வலப்பக்கத்தில் மெல்லிய அடுக்குகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில மீட்டர் தடிமன். இடையிடையே கரடுமுரடான நொறுங்கு கல். எரிமலைச் சரிவில் திறந்த வெளியில் பரவிய குழம்பு இப்படித்தான் அடுக்கடுக்காகச் சேரும். இடப்பக்கத்தில் ஒரே கெட்டிப் பாறை, இடையில் பிரிவே இல்லாமல் 30 மீட்டருக்கு மேல் எழுகிறது. சரிவில் ஓடிய குழம்பு இவ்வளவு தடிமனாகத் தங்காது. ஏதோ ஒரு பள்ளத்தில் குவிந்தால்தான் அது நேரும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லையைத்தான் நாங்கள் தேடினோம். அது செங்குத்தாக இல்லை. மேலே வலப்பக்கமும் கீழே இடப்பக்கமுமாகச் சாய்ந்து போகிறது. பழைய பள்ளத்தாக்கின் சரிவு அது. பெரும்பகுதி செடிகளால் மறைந்திருக்கிறது. ஆனால் ஒரு வெறும் இடத்தில் படத்தை முழு நுணுக்கத்துக்குப் பெரிதாக்கினால், மெல்லடுக்குகளின் வெட்டுண்ட முனைகள் தெரிகின்றன. அவற்றின் மேல் செங்காவி நிறத்தில் ஒரு பட்டை, தடிமன் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், மேல்விளிம்பு கூராகவும் கீழ்விளிம்பு மங்கலாகவும் இருக்கிறது. சூடான குழம்பு மண்ணின் மேல் படிந்து, மேலிருந்து கீழாக அதைச் சுட்டால் இப்படித்தான் இருக்கும்: வெப்பம் பட்ட பக்கம் நன்றாகச் சிவந்து, உள்ளே போகப்போகச் சிவப்பு குறையும். குழம்பு வருவதற்கு முன் அந்தச் சரிவில் மண் உண்டாகியிருந்தது என்பதற்கும் அதுவே சான்று. மண் உண்டாவதற்குக் காலம் வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கு வெட்டப்பட்ட கையோடு குழம்பு வரவில்லை.

இந்தப் பட்டையைக் கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்தபோது ஈரக் கறையாகத்தான் தோன்றியது. மேகவெளிச்சத்தில் எடுத்த படம் இல்லாமல் இதைக் கண்டிருக்க மாட்டோம்.

அடுத்தது தூண்கள். குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதுபோல் அது பலகோண வடிவில் வெடிக்கிறது. வெடிப்பு குளிரும் பரப்பிலிருந்து செங்குத்தாக உள்நோக்கி வளர்கிறது. அதனால் தூண்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அதற்குக் குறுக்கே இருந்த பரப்புதான் அவற்றைக் குளிர்வித்தது என்று சொல்லிவிடலாம். கெட்டிப் பாறையின் நடுவில் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே குளிர்ந்த பரப்பு கிடைமட்டமான தரை. எல்லையை நெருங்க நெருங்கத் தூண்கள் சாய்கின்றன. எல்லையை ஒட்டி ஏறக்குறைய படுத்தே விடுகின்றன. பழைய பள்ளத்தாக்குச் சுவரே அவற்றைக் குளிர்வித்த பரப்பு. செடிகள் மூடிய இடங்களிலும் தூண்களின் சாய்வை வைத்து எல்லை எங்கே ஓடுகிறது என்று கோடு போட முடிந்தது. பிள்ளைகள் தனித்தனியாகப் போட்ட கோடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்களையே நாங்கள் மீண்டும் போய்ப் பார்த்தோம்.

தூண்களின் அகலத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. மெதுவாகக் குளிர்ந்தால் தூண் தடிக்கும், விரைவாகக் குளிர்ந்தால் மெலியும். எங்கள் பாறையின் கீழ்ப்பகுதியில் தூண்கள் 60 முதல் 80 சென்டிமீட்டர் அகலத்தில் ஒழுங்காக நிற்கின்றன. அதற்கு மேலே, ஒரு திட்டமான கோட்டிலிருந்து, தூண்கள் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை மெலிந்து, வளைந்து, திசை கலைந்து கிடக்கின்றன. மேலிருந்து நீர் வெடிப்புகளுக்குள் இறங்கிக் குழம்பை வேகமாகக் குளிர்வித்ததன் அடையாளம் இது. பள்ளத்தாக்கில் தங்கிய குழம்புகளில் இதைக் கண்டால், தடம் இழந்த ஆறு குழம்பின் மேலேயே ஓடியது என்று விளக்குவது வழக்கம்.

இங்கே நான் நிதானிக்கிறேன். மூன்று நாளில் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் மழை கொட்டக்கூடிய மலையில், வெடிப்புக்குள் இறங்கிய நீர் ஆற்று நீர்தான் என்று எப்படிச் சொல்வது? 30 மீட்டர் தடிமனான குழம்பு முழுவதும் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் எத்தனை புயல் மழை அதன் மேல் பெய்திருக்கும்! ஓரிகனின் வறண்ட நிலத்தில் பொருந்தும் விளக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. மெலிந்த தூண்கள் நீரைக் காட்டுகின்றன, அவ்வளவே. ஆறு என்று சொல்ல வேறு சான்று வேண்டும்: கெட்டிப் பாறையின் மேல் உருண்டைக் கற்கள் படிந்திருக்க வேண்டும். சுவரின் மேல் விளிம்பில் ஓரிடத்தில் அப்படிப்பட்ட கற்கள் படத்தில் தெரிகின்றன. ஆனால் அவை கீழிருக்கும் குழம்போடு சேர்ந்தவையா, மிகப் பின்னால் வந்தவையா என்பது படத்தில் தெரியவில்லை.

அணை இருந்ததா?

தலையணைக் கட்டிகளையும் மஞ்சள் பழுப்புக் கண்ணாடித் துகளையும் படம் முழுவதும் தேடினோம். கெட்டிப் பாறையின் அடிப்பகுதி வெளியே தெரியும் இடங்களில் அவை இல்லை. அங்கே இருப்பது ஆற்றுக் கற்களின் மேல் நேராகப் படிந்த, நொறுங்கு கல்லோடு கூடிய குழம்பின் அடித்தோல். ஆகவே இந்த இடத்தில் குழம்பு ஆழமான நீருக்குள் நுழையவில்லை. வந்தது ஓடும் ஆற்றின் படுகைக்கு. அல்லது அந்த நேரத்தில் வற்றியிருந்த படுகைக்கு.

இது எனக்கு ஏமாற்றமாக இல்லை. இந்தத் தீவின் ஆறுகள் மிகச் செங்குத்தானவை. மலையுச்சியிலிருந்து கடலுக்கு இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட படுகையில் 30 மீட்டர் அணை எழும்பினாலும் அதன் பின்னால் தேங்கும் நீர் சில நூறு மீட்டருக்கு மேல் நீளாது. புயல் வெள்ளம் உருட்டிவரும் கற்களால் அந்தக் குளம் விரைவில் தூர்ந்துவிடும். தட்டையான ஓவைஹீயில் நீண்ட ஏரிகள் நின்றதற்கும் இங்கே நிற்காததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தீவில் குழம்பு அடைத்து உண்டான ஏரி இல்லாமலும் இல்லை. சென்-பெனுவாவுக்கு மேலே உள்ள கிரான் எத்தான், ஃபூர்னேஸ் எரிமலையின் குழம்பு பள்ளத்தாக்கின் வாயை அடைத்ததால் உண்டானது, இன்றும் நிற்கிறது. அது பெரிய ஆறு ஓடாத, அகன்ற பள்ளத்தாக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஊற்றுகள்

நாங்கள் தேடாமல் கிடைத்த விடை ஒன்று உண்டு. நல்ல மழைக்குப் பின் அதே இடத்தில் முக்காலியை நிறுத்தி அதே சுவரை மீண்டும் எடுத்தோம். வறண்ட நாள் படத்தையும் ஈர நாள் படத்தையும் ஒப்பிட்டால், நீர் எங்கெங்கோ வழியவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. வலப்பக்கத்து மெல்லடுக்குகளில், நொறுங்கு கல்லும் அதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையும் சேரும் கோடுகளில் வரிசையாக நீர் கசிகிறது. இடப்பக்கத்துக் கெட்டிப் பாறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மிகப் பெரிய ஊற்று எல்லையிலேயே, சிவந்த பட்டைக்குச் சற்று மேலே இருக்கிறது. வெந்த மண் நீரை எளிதில் விடாது. அதன் மேல் வந்து சேரும் நீர் சாய்வோடு இறங்கி வெளியே வருகிறது. லாஞ்ஜவேனில் மேலே கிரான் கலே அருவியில் பாறை முகத்திலிருந்தே நீர் பிரிந்து பிரிந்து கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இருந்திருக்கும். பாறை அடுக்குகளின் எல்லையைத் தேடிப் போனால் விடை அங்கே இருக்கும் என்பது என் எண்ணம்.

குடிநீரும் மின்சாரமும் இந்த ஆற்றை நம்பியிருக்கும் இடத்தில் இந்த ஒப்பீடு பாறையின் வரலாற்றைவிட அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியது.

செய்ய முடியாதவை

ஒரே நிலையிலிருந்து எடுத்த படத்தில், தூண் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா, விலகிச் சாய்ந்திருக்கிறதா என்று தெரியாது. இடவலச் சாய்வு மட்டுமே தெரியும். அதற்காகச் சாலையில் சுமார் 35 மீட்டர் தள்ளி இன்னொரு இடத்திலிருந்தும் எடுத்தோம். சுவரின் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு விலகினால் ஆழம் ஓரளவு தெரியத் தொடங்கும். இருந்தாலும் செடிகள் அடர்ந்த இடது ஓரத்தில் இரண்டு படங்களும் கைவிடுகின்றன. ட்ரோன் இருந்தால் எளிது என்று பலர் சொன்னார்கள். 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது; அங்கே பாறையை உடைத்து எடுத்துவரவும் கூடாது. 2010 முதல் உலகப் பாரம்பரிய இடமாக இருக்கும் மலைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைதான். தூரத்திலிருந்து, எதையும் தொடாமல் வாசிக்கும் முறைக்கு இங்கே மதிப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுவரின் அடிக்குப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்து ராம்பார் பள்ளத்தாக்கில் 1965-இல் மஹாவெல் மலைமுகம் பெயர்ந்து விழுந்தது. அந்தக் கற்குவியலை ஆறு இன்னும் கரைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுவர்கள் நிற்கும் பொருள்கள் அல்ல, விழுந்துகொண்டிருப்பவை. பிள்ளைகளை எதிர்க்கரையிலேயே நிறுத்திக்கொண்டோம். மேல்மலையில் மழை என்றால் கீழே வானம் தெளிவாக இருந்தாலும் ஆற்றில் இறங்குவதில்லை.

எல்லைக்கோட்டின் வயதைப் படம் சொல்லாது. குழம்பு எந்த எரிவாயிலிருந்து வந்தது என்பதையும் சொல்லாது. அதற்குப் பாறை மாதிரியும் ஆய்வுக்கூடமும் வேண்டும். ஆனால் மாதிரி எடுக்கும் அனுமதி உள்ள ஆய்வாளர் ஒருவர் வந்தால், எந்தப் புள்ளியில் எடுத்தால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று இப்போது விரல் வைத்துக் காட்டலாம். சிவந்த பட்டையில் கரிந்த வேர் ஏதாவது இருந்தால் அதன் வயதே குழம்பின் வயது. படத்தோடு கேமரா நின்ற இடம், அத்தான் அளந்த புள்ளிகள், ஒட்டுவதற்கு முந்தைய மூலப் படங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். ஒட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலங்களை அழித்துவிட்டால் நாளை யாரும் சரிபார்க்க முடியாது.

செடி மறைத்த இடது ஓரத்தை மேலிருந்து பார்க்க வேண்டும். லாஞ்ஜவேனுக்கும் ராம்பாருக்கும் நடுவே கிரான் கூத் மேட்டுநிலம் இருக்கிறது. தேயிலையும் ஜெரேனியமும் விளையும் இடம். அதன் ஓரத்தில் ஒரு தோட்டத்திலிருந்து சுவரின் அந்தப் பகுதி தெரிகிறது. தூரம் 900 மீட்டர். அதே லென்ஸில் ஒரு பிக்சலுக்கு 12 மில்லிமீட்டர் வரும். மெலிந்த தூண்களை எண்ண முடியாது, எல்லைக்கோட்டைப் பின்பற்றப் போதும். முக்காலியை நிறுத்த அனுமதி கேட்டுத் தோட்டக்காரருக்கு அத்தான் எழுதியிருக்கிறார்.